செயற்கைக்கோளுக்குக் கறுப்பு கட்டியவர்

நெல்லிக்கொல்லி எஸ்டேட்டுத் தங்கவேலு சாமியானது பக்தியால் அல்ல; பௌதிகத்தால். பந்தலூர் வட்டாரத்தில் இதை அறிந்தவர்கள் மிகச் சிலர். அவர்களும் வெளியே சொல்வதில்லை. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பது ஒரு காரணம். நம்பிவிட்டால் என்ன செய்வது என்பது இன்னொரு காரணம்.

தேயிலை விலை சரிந்து கிடந்த காலம். இலையைப் பறிப்பதைவிடப் பறிக்காமல் விடுவதே லாபம் என்று படித்தவர்களும் படிக்காதவர்களும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். நெல்லிக்கொல்லி முதலாளி கோவைக்குப் போனார். மேனேஜர் லீவில் போனார், லீவு முடியவே இல்லை. ஃபேக்டரியைப் பூட்டினார்கள். காலையில் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதற்கு, ஆள் கூட்டும் சங்கு நின்றுபோனது. சங்கு நின்ற பிறகும் ஜனங்கள் அதே நேரத்துக்கு விழித்து, லயத்து வரிசை வீடுகளின் வாசலில் உட்கார்ந்து, பள்ளத்தை நிரப்பிக் கிடக்கும் பனியைப் பார்த்தார்கள். வேலை இல்லாதவர்களுக்கு எதிரே வேலை இல்லாத பனி.

தேயிலை உண்மையில் மரம். பறித்துப் பறித்து அதை நாம் செடி என்று நம்பவைத்திருக்கிறோம். கைகள் ஓய்ந்ததும் அதற்குத் தன் ஞாபகம் வந்துவிட்டது. ஆள் உயரம் வளர்ந்து, வெள்ளையாகப் பூத்து, தேனீக்களைக் கூப்பிட்டுக்கொண்டது. நஷ்டத்தில் மூழ்கிய எஸ்டேட் முன்பு எப்போதும் அவ்வளவு அழகாக இருந்ததில்லை.

தங்கவேலு பிறந்தது இலங்கையில், பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். இரண்டு அரசாங்கங்கள் கையெழுத்துப் போட்டு ஜனங்களைப் பங்கு பிரித்துக்கொண்டபோது இந்தியாவின் பங்குக்கு வந்தவர். அங்கே இருந்தவரை இந்தியாக்காரர், இங்கே வந்ததும் சிலோன்காரர். இரண்டும் இல்லாமல் அவர் வெறும் தங்கவேலுவாக இருந்தது நடுக்கடலில் கப்பல் தளத்தில்தான். இரண்டு கரையும் தெரியாத அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றிப் பிற்பாடு யாரிடமாவது சொல்லப் பார்ப்பார், வார்த்தை அமையாது, "தண்ணி நல்லா இருந்துச்சு" என்று முடித்துவிடுவார்.

நெல்லிக்கொல்லியில் தேயிலைக்குக் கவாத்து வெட்டினார். தெய்வம்மாவைக் கட்டினார். ராஜகுமாரி என்றொரு மகள். ஃபேக்டரி மூடியதால் குடித்தார் என்று சொன்னால் அது ஃபேக்டரிக்குச் செய்யும் அநியாயம். திறந்திருந்தபோதும் குடித்தவர்தான். மூடிய பிறகு அதற்கு நேரம் கிடைத்தது. ராஜகுமாரி திருப்பூரில் கட்டிக்கொடுக்கப்பட்டு பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு நாள் தெய்வம்மாவும் துணியை மூட்டை கட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குக் கிளம்பினார்.

"குடிய விட்டுட்டுக் கூப்பிடுங்க, வாறேன்" என்றார் பஸ் ஏறும்போது. "விடாம கூப்பிட்டா, வந்த பஸ்ஸுலயே திரும்பிப் போயிருவேன். ஆமா."

தங்கவேலு கூப்பிடவில்லை. விட்டுவிட்டேன் என்று பொய் சொல்லியே கூப்பிட்டிருக்கலாம். மனைவி மேல் அவருக்கு அவ்வளவு மரியாதைக் குறைவு இல்லை. தெய்வம்மா வீட்டில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசையும் இல்லை. குடியை ஆசை என்று அவர் எண்ணியதில்லை, அது பழக்கம்.

இப்படி இருக்கையில் கார்த்திகை மாதத்தில் ஹைதராபாத்திலிருந்து ஒரு ஜீப் வந்தது. அதில் சுசீலா என்ற விஞ்ஞானி, கருவிகளைக் கவனிக்கும் ரவிக்குமார், ஏகப்பட்ட பெட்டிகள். சுசீலாவுக்குச் சொந்த ஊர் தென்காசி. லயத்து ஜனங்களைக் கூட்டி உட்காரவைத்து, வந்த காரியத்தை அவரே சொன்னார். மேலே ஒரு செயற்கைக்கோள் சுற்றுகிறது. கீழே எங்கெங்கே எவ்வளவு வெளிச்சம், என்ன நிறம் என்று பார்த்துச் சொல்வது அதன் வேலை. போன புதிதில் சரியாகச் சொல்லும். வெயிலும் குளிரும் மாறி மாறிப் பட்டு, நாளாக நாளாக அதன் கண் கொஞ்சம் பிசகும். கீழே இறக்கி மருத்துவம் பார்க்க வழியில்லை. ஆகவே அது தலைக்கு மேல் கடக்கும் அதே நேரத்தில் கீழே நின்று நாமும் அளக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டு, எவ்வளவு பிசகு என்று தெரிந்துகொண்டால் போதும். அதைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை நம்பலாம்.

"இப்ப இருக்கறது கொஞ்ச நாளா எதையும் இருக்கறதைவிடப் பச்சையாக் காட்டுதோன்னு சந்தேகம்" என்றார் சுசீலா.

"நல்ல மனசு போல" என்றார் தங்கவேலுவின் பக்கத்து வீட்டுக் கருப்பம்மா.

அளப்பதற்குப் பரந்து, தட்டையாக, ஒரே மாதிரிப் பச்சையாக ஓர் இடம் வேண்டும். எஸ்டேட்டின் எட்டாம் நம்பர் மலை அப்படிப்பட்டது. பேர்தான் மலை, மேலே போனால் மைதானம். ஃபேக்டரிப் புகை இல்லை, லாரிப் புழுதி இல்லை, மருந்தடிப்பும் இல்லை; காற்று கண்ணாடி மாதிரி இருந்தது. எஸ்டேட்டைக் கவிழ்த்த ஒவ்வொரு காரணமும் விஞ்ஞானத்துக்குச் சௌகரியமாக அமைந்தது. தலைதூக்கி நின்ற செடிகளைப் பழையபடி மட்டமாக்கப் பெண்களைக் கூலிக்கு வைத்தார்கள். அவர்களும் பாய் விரித்தாற்போல் மட்டம் செய்து, பறித்த கொழுந்தை ஓடை ஓரத்தில் கொட்டினார்கள்.

"வாங்க ஒருத்தன் இல்ல. பாக்குறதுக்கு மட்டும் மேலேருந்து வாறான்" என்றார் கருப்பம்மா. அந்தக் கேலியில் பல நாள் கழித்து வேலைக்கு வந்த சந்தோஷமும் இருந்தது.

தங்கவேலுவுக்குக் கிடைத்த வேலை தட்டு பிடிப்பது. சதுரமான வெள்ளைத் தட்டு ஒன்று உண்டு. தன் மேல் விழும் வெளிச்சத்தை ஏறக்குறைய முழுதாகத் திருப்பிக் கொடுத்துவிடும். கருவி முதலில் தட்டைப் பார்க்கும், பிறகு இலையைப் பார்க்கும், மறுபடி தட்டு, மறுபடி இலை. தட்டின் ஓரச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, ஆடாமல், மட்டமாக, வரிசை வரிசையாகக் கூடவே ஓர் ஆள் போக வேண்டும்.

"வெள்ளைச் சட்டையோட வரக்கூடாது" என்றார் சுசீலா. "உங்க மேல பட்ட வெயில் தெறிச்சு இலை மேல விழும். கருவி அதையும் சேர்த்து எண்ணிடும். நாங்க எல்லாருமே கறுப்புதான். நீங்க அங்க இல்லாத மாதிரி நிக்கணும்."

"அது எனக்குப் பழக்கம்தாங்க" என்றார் தங்கவேலு.

அவரிடம் கறுப்புத் துணி கிடையாது. ரவிக்குமார் பந்தலூர் பஜாருக்குப் போனார். கார்த்திகை மாதத்தில் பந்தலூரில் கறுப்புத் துணிக்கு என்ன பஞ்சம்? சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களுக்காகக் கடைக்குக் கடை கறுப்பு வேட்டியும் கறுப்புச் சட்டையும் தொங்கின. ஒரு ஜோடி வாங்கி வந்தார். தங்கவேலுவின் ரப்பர் செருப்புக்கு வெள்ளை வார். அதையும் கழற்றச் சொன்னார்கள். தாடி ஏற்கெனவே இருந்தது, வேறு காரணத்தால். தட்டில் எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் கெட்டுவிடும் என்பதால் தினமும் விடியலில் குழாயடியில் எண்ணெய் போகத் தலைமுழுகினார். ஜீப் குலுங்கினால் தட்டுக்கு ஆகாது என்று, அதன் பெட்டியைக் கறுப்புத் துணியில் பொதிந்து, பஜாரில் அவர்கள் தங்கியிருந்த லாட்ஜிலிருந்து எட்டாம் நம்பர் மலைக்குத் தலையில் வைத்துச் சுமந்தார். எஸ்டேட் ஆள் சுமையைத் தலையில் வைக்காமல் வேறு எங்கே வைப்பார்?

கறுப்பு வேட்டி, வெறுங்கால், தாடி, ஈரத்தலை, தலைமேல் துணி பொதிந்த கட்டு, ஒற்றையடிப் பாதையில் மலையேற்றம். இதைப் பார்த்துச் செயற்கைக்கோள் என்று நினைக்கிறவர் இந்த வட்டாரத்தில் யாரும் பிறக்கவில்லை. பஸ்காரர் வண்டியை ஓரம் கட்டினார். டீக்கடையில் காசு வாங்க மறுத்தார்கள். கழுத்தில் மாலை இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. சட்டைக் காலர் உயரம். அவரும் எதுவும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லையே.

முதல் நாள் சாயங்காலமே ஒயின் ஷாப்புக்குப் போனார். கல்லாவில் இருந்தவர் ஆறுக்குட்டி, காரமடைப் பக்கத்துக்காரர். பார்த்ததும் எழுந்து நின்றார்.

"ஏனுங்க சாமி, இந்தப் பக்கமெல்லாம் நீங்க வரலாமுங்களா?"

"சாமியும் இல்ல, பூதமும் இல்ல. ஒரு குவார்ட்டர் குடுப்பா."

"வாயில அப்படியெல்லாம் சொல்லாதீங்க. போன வருசம் ஒருத்தரு மாலையோட வந்து கேட்டாரு. நானும் அறியாமக் குடுத்துப்போட்டேன். அந்த வாரமே என்ற மாட்டுக்குக் காலு முறிஞ்சுபோச்சுங்க."

"இது சாட்டிலைட்டுக்குக் கட்டுன கறுப்புப்பா. மேல போவுதில்ல, அதுக்கு."

"எல்லாரும் மேல இருக்கறவனுக்குத்தானுங்க கட்டறாங்க. ஊட்டுக்குப் போங்க சாமி."

மறுநாளும் போனார். ஆறுக்குட்டி கைகூப்பினார். கூடக் குடிக்கும் கூட்டாளிகள் அவரைக் கண்டதும் கிளாஸைப் பின்னால் மறைத்தார்கள். கூடலூருக்குப் போய் வாங்கலாம்; பஸ்ஸில் ஏறினால் எழுந்து இடம் கொடுத்து, "சாமி எங்க போறீங்க?" என்று கேட்கிறார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது?

குடி நின்றதில் கை நடுங்கியது. ஒத்திகையில் தட்டு ஆட, கருவியில் எண்கள் ஆட, ரவிக்குமார் முகம் சுளித்தார். ஆளை மாற்றலாமா என்று சுசீலாவும் யோசித்தார். செயற்கைக்கோள் வந்த நாளில் வானம் முழுக்க மேகம். மேகத்தின் முதுகைப் பார்த்துவிட்டு அது போய்விட்டது. இனி சில வாரம் கழித்துத்தான். அந்த இடைவெளியில் நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

நடுப்பகலில் வேலை இராது. தேயிலை வரிசைகளுக்கு நடுவில் மல்லாந்து படுப்பார். வெயில் இலை மேல் விழுந்து மினுக்கும். அவர் மேல் விழுந்தது மட்டும் எழுந்து போகாது. எங்கோ தேனீக்களின் இரைச்சல், அதற்கும் அப்பால் ஒன்றுமே இல்லாத நீலம். அந்த நீலத்தில் ஒன்று இமைக்காமல் போய்க்கொண்டிருக்கிறது என்கிறார்கள். அதற்குப் பச்சை தெரியும், வெள்ளை தெரியும். தான் தெரியப்போவதில்லை என்று நினைக்கும்போது உடம்பு லேசாகிவிடும். மெல்ல மலை அசையும், கப்பல் தளம் மாதிரி. எந்தக் கரையும் தெரியாது. தூங்கினாரா விழித்திருந்தாரா என்று அவருக்கே தெரியாது.

இதற்கிடையில் கருப்பம்மா சும்மா இருக்கவில்லை. திருப்பூருக்கு போன் போட்டார்.

"ஏய் தெய்வம், ஒன் வீட்டுக்காரரு மாலை போட்டுட்டாரு! தலையில கட்ட வெச்சுக்கிட்டுத் தெனம் மலை ஏறுறாரு."

"எந்த மலைக்கு?"

"எட்டாம் நம்பர் மலைக்கு."

"அது என்னாத்துக்கு?"

"பழகிக்கிறாரு போல."

அந்த வாரமே தெய்வம்மா பஜாரில் வந்து இறங்கினார். எதிரே தலையில் பெட்டியோடு தங்கவேலு வந்துகொண்டிருந்தார். தெய்வம்மா மூட்டையைக் கீழே வைத்தார். அவரைக் கொஞ்ச நேரம் ஏற இறங்கப் பார்த்தார். இரண்டு கையையும் கூப்பினார். "சாமி சரணம்" என்றார். தாலி கட்டிய நாளிலிருந்து மனைவி தன்னைப் பார்த்துக் கைகூப்பி அவர் கண்டதில்லை. தலையில் பெட்டி இருந்ததால் பதிலுக்குக் கூப்பக் கை இல்லை.

தெய்வம்மா வீட்டைக் கழுவினார், புதுப் பானை வைத்தார், தனியாகச் சமைத்து "சாமி சாப்பிட வாங்க" என்று வாழையிலை போட்டார். மாலை போட்டவரோடு சண்டை பிடிக்கக் கூடாது. சண்டைக்கு வழியில்லாததால் இருவருக்கும் பேச நிறைய விஷயம் இருந்தது. மகளோடு தானும் வேலைக்குப் போன பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டுவது எப்படி என்று அவர் சொல்ல, வெளிச்சத்தை அளப்பது எப்படி என்று இவர் சொல்ல, சாயங்காலப் பனி வாசலைத் தாண்டி உள்ளே வந்து கேட்டுக்கொண்டிருக்கும். இது கனவென்றால் இன்னும் கொஞ்சம் தூங்குவோம் என்று தங்கவேலு நினைத்தார். உண்மை தெரிந்தால் அடுத்த பஸ் என்பதும் அவருக்கு மறக்கவில்லை.

வந்த மறுநாளே குழாயடியில் வெறும் கழுத்தைத் தெய்வம்மா பார்த்துவிட்டார்.

"மாலை எங்க சாமி?"

அதுவரை அவர் பொய் சொன்னதில்லை; உண்மையைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இப்போது சொன்னார்: "மணியில வெயில் பட்டுப் பளபளக்குதுன்னு மேடம் கழட்டச் சொல்லிட்டாங்க. பெட்டியில இருக்கு."

போட்ட மாலையை இடையில் கழற்றலாமா? சாமியிடம் கோபப்படக் கூடாது என்று தெய்வம்மா பொறுத்துக்கொண்டார். பஜார்க் கோயில் குருசாமியைப் பார்த்து, நெய்யும் தேங்காயும் வாங்கி, மார்கழியில் ஒரு நாள் குறித்து இருமுடி கட்ட ஏற்பாடு செய்தார். கட்டுவதற்குள் மாலை கழுத்துக்குத் திரும்பியாக வேண்டும். குறித்த நாளுக்கு முந்தின நாள் காலை, இருப்பதில் நல்ல மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டு எட்டாம் நம்பர் மலைக்கு ஏறினார்.

செயற்கைக்கோள் இரண்டாம் முறை வரும் நாளும் அதுதான். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

"இங்க மேடம் யாரு?"

"நான்தாம்மா. என்ன வேணும்?"

"படிச்சவங்கதானே நீங்க? சாமி கழுத்து மாலைய கழட்டச் சொல்ல எப்படிங்க மனசு வந்துச்சு?"

சுசீலா ரவிக்குமாரைப் பார்த்தார். ரவிக்குமார் கருவியைப் பார்த்தார்.

"எந்த மாலை?"

"வெயில் பட்டுப் பளபளக்குதுன்னு சொன்னீங்களாமே!"

அந்தக் காரணத்தில் பௌதிகப் பிழை எதுவும் இல்லை. தான் அப்படிச் சொல்லியிருக்கலாம்தான் என்றுகூடச் சுசீலாவுக்கு ஒரு கணம் தோன்றியது. பக்கத்தில் தங்கவேலுவின் முகம் கெஞ்சியது. ஆனால் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லும் வழக்கம் அவர் தொழிலில் இல்லை.

"நான் அப்படிச் சொல்லலையேம்மா."

"பெட்டியத் திறங்க."

தங்கவேலுதான் திறந்தார். உள்ளே தட்டு மட்டும் இருந்தது. பால், சுண்ணாம்பு, திருநீறு, பனியன் துணி என்று தெய்வம்மா எத்தனையோ வெள்ளை கண்டவர். இது அவற்றில் எதுவும் இல்லை. பளபளப்பே இல்லாத வெள்ளை. காலை வெயில் அங்கே வந்து உட்கார்ந்துகொண்டு நகர மறுப்பது போல் இருந்தது. வந்த கோபத்தை அப்படியே நிறுத்திவிட்டு அவர் அதையே பார்த்தார். பிறகு தன்னை அறியாமல் கை நீட்டினார்.

"தொடாத!" என்று கத்தினார் தங்கவேலு.

எப்போதும் கத்தாத மனிதர். தெய்வம்மா கையை இழுத்துக்கொண்டார். "மாலை இல்லையே" என்றார், மெதுவாக.

"மேடம், நேரமாச்சு" என்றார் ரவிக்குமார்.

"எதுவா இருந்தாலும் அப்புறம் பேசிக்கலாம்மா. இந்த மஞ்சச் சேலையோட இங்க நிக்காதீங்க. அந்த சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால போங்க."

"என்னையவா வெரட்டுறீங்க?"

"உங்கள இல்லம்மா, உங்க சேலைய."

தெய்வம்மா மரத்துக்குப் பின்னால் போய், எட்டிப் பார்த்தார். மட்டமான பச்சையின் நடுவில் மூன்று கறுப்பு உருவங்கள் அடி மேல் அடி வைத்து நகர்ந்தன. தட்டு, இலை, தட்டு, இலை. பேச்சு இல்லை. காற்றும் நின்றிருந்தது. அந்த வெள்ளைச் சதுரம் யாரும் பிடிக்காமல் தானே மிதந்து போவது போல இருந்தது. அதைப் பிடித்திருந்த கைகள் அவருக்குத் தெரிந்த கைகள். முன்பெல்லாம் காலையில் டீ கிளாஸை வாங்கினால் பாதி தரைக்குப் போகும். இப்போது தட்டு ஆடவில்லை. அவர் மேலே பார்த்தார்; நீலம். கீழே பார்த்தார், ஆடவில்லை.

"போயிடுச்சு" என்றார் சுசீலா.

எல்லோரும் மூச்சு விட்டார்கள். தெய்வம்மா மரத்துக்கு வெளியே வந்தார்.

"இப்ப போச்சா? நான் ஒண்ணும் பாக்கலையே."

"யார் கண்ணுக்கும் தெரியாது" என்றார் தங்கவேலு. தட்டைப் பெட்டியில் வைத்து மூடினார். மூடியபடியே சொன்னார்: "மாலை நான் போடவே இல்ல தெய்வம். இது இவங்க குடுத்த துணி. ஊருல அவங்களா நெனச்சுக்கிட்டாங்க. நான் சொன்ன பொய் ஒண்ணுதான், அது ஒன்கிட்ட சொன்னது."

"அப்ப குடி?"

"ஆறுக்குட்டி குடுக்கல."

"நீங்க கேட்டீங்களா?"

"மொதல்ல கேட்டேன். நீ வந்தப்புறம் ஒருக்காதான் கேட்டேன்."

"எப்ப?"

"அந்தப் பொய்யச் சொன்ன அன்னைக்கு."

தெய்வம்மா விறுவிறுவென்று இறங்கினார். தங்கவேலு பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு பின்னால் போனார். தட்டு இருப்பதால் ஓட முடியாது. மனைவி போகிற வேகத்தைப் பார்த்தால் ஓடத்தான் வேண்டும். பூத்துக் கிடந்த தேயிலைகளுக்கு நடுவே மஞ்சள் சேலை மறைந்து மறைந்து தெரிந்தது. ஃபேக்டரி வளைவில் நின்றிருந்தது.

"திருப்பூருக்கு வாறீங்களா?"

"வாறேன்."

யோசிக்காமல் வந்த பதில் தெய்வம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அவர்தான் யோசித்தார். மகள் வீட்டுத் தெருமுனையில் ஒரு ஒயின் ஷாப், கம்பெனி வாசலில் ஒன்று. அங்கே இந்த மனிதரை யாருக்குத் தெரியும்? கறுப்பு கட்டி நின்றாலும் காசு கொடுத்தால் சரக்கு. இங்கே என்றால் பஸ்காரர் பார்க்கிறார், டீக்கடை பார்க்கிறது, குடிகாரர்கள்கூடக் கிளாஸை மறைக்கிறார்கள். ஒரு பஜார் முழுக்கக் காவல்.

"ஏலாது. அங்க ஏலாது" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். "இங்கயே இருப்போம். குருசாமிகிட்ட இந்த வருசம் சாமிக்கு உடம்புக்கு முடியலன்னு நான் சொல்லிக்கிறேன். வாற கார்த்திகைக்கு நெசமாவே போடுங்க. அது வரைக்கும் இந்தக் கறுப்பக் கழட்டக் கூடாது."

"தை பொறந்தா கேப்பாங்களே?"

"வேண்டுதல்னு சொல்லிக்கலாம்."

"அது பொய்யில்லையா?"

"ஒங்களுக்குப் பொய் சொல்ல வராது. நான் பாத்துக்குறேன். ஒங்க வேலை வாயத் தெறக்காம இருக்குறது."

பஜாரில் வெயில் ஏறியிருந்தது. ஒயின் ஷாப் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த ஆறுக்குட்டி அவர்களைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

"சாமி சரணமுங்க. எப்பங்க மலைக்கு?"

தங்கவேலு எதையோ சொல்ல வாயெடுத்தார். தெய்வம்மா முந்திக்கொண்டார்.

"போய்க்கிட்டே இருக்கோமுங்க" என்றார்.